சென்னையில் நல்ல பிரேசில் சாப்பாடு எங்கே கிடைக்கும்?

தாம்பரத்தான் | வெள்ளி, இரவு 9.40

வணக்கம். எங்கள் ஒரகடம் ஆலைக்குப் பிரேசிலிலிருந்து ஒரு பொறியாளர் வந்திருக்கிறார். மூன்று மாத வேலை, அதில் ஐந்து வாரம் ஓடிவிட்டது. மினாஸ் ஜெராய்ஸ் மாநிலம், உபெராபா ஊர்க்காரர். தங்கமான மனிதர். கேன்டீனில் என்ன போட்டாலும் முகம் சுளிக்காமல் சாப்பிடுவார். போன வாரம் கம்பெனி வண்டியில் திரும்பும்போது, அவருடைய அம்மா காலையில் சுடும் 'பாவ் ஜி கேஜு' பற்றிப் பேச ஆரம்பித்தார். சீஸ் போட்ட சின்ன ரொட்டி உருண்டையாம். படப்பையிலிருந்து முடிச்சூர் வரும்வரை அதே பேச்சு. அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். எனக்கு மனசு கேட்கவில்லை.

அடுத்த மாதம் 12-ஆம் தேதி அவருக்குப் பிறந்தநாள். அதற்குள் அவர் ஊர்ச் சாப்பாட்டை ஒரு வேளையாவது கண்ணில் காட்டிவிட வேண்டும். ஏற்கெனவே ஒரு முறை ஏமாந்தாயிற்று. மெனுவில் 'பிரேசிலியன்' என்று போட்டிருந்த ஓர் இடத்துக்கு (பெயர் வேண்டாம்) அழைத்துப் போனேன். ஃபெய்ஜுவாடா கேட்டோம், பீன்ஸும் கறியும் சேர்த்து வேகவைக்கும் குழம்பு. ராஜ்மாவில் கிரீம் ஊற்றி, கொத்தமல்லி தூவி, பக்கத்தில் இரண்டு பட்டர் நான் வைத்துக் கொண்டுவந்தார்கள். இரண்டு பேருக்கு 3,400 ரூபாய். அவர் ஒன்றும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டு, "ரொம்ப நன்றாக இருந்தது, இதன் பெயர் என்ன?" என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் உறுத்துகிறது.

உருப்படியான இடம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எவ்வளவு தூரமானாலும் வருகிறேன்.


வேளச்சேரி வாசகி | வெள்ளி, இரவு 10.15

சார், மேசை நடுவில் அடுப்பு வைத்துக் கம்பியில் கறி தரும் பஃபே கடைகள் இருக்கின்றனவே? பிரேசில்காரர்களும் கம்பியில் சுட்ட கறிதானே சாப்பிடுகிறார்கள்? எங்கள் ஆபீஸ் பார்ட்டி எல்லாம் அங்கேதான். பிறந்தநாள் என்றால் கேக்கும் தருவார்கள், பாட்டும் பாடுவார்கள்.


கடல்கடந்தவள் | வெள்ளி, இரவு 11.20

வேளச்சேரி தோழி, கோபித்துக்கொள்ள வேண்டாம், அது வேறு, இது வேறு. நான் சாவ் பாவ்லோவில் நாலரை வருடம் குடியிருந்தேன். திரும்பி வந்து ஆறு வருடம் ஆகிறது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நீங்கள் சொல்வது 'ஷுஹாஸ்கு' என்ற சுட்ட இறைச்சி முறையை நினைத்து. அது பிரேசிலின் தென்கோடியில் இருக்கும் ரியோ கிராண்டி டோ சுல் மாநிலத்து மாடு மேய்ப்பவர்கள் கொடுத்த சமையல். தயிர் கிடையாது, இஞ்சி பூண்டு விழுது கிடையாது, மிளகாய்த்தூள் கிடையாது. கல் உப்பு, கரி நெருப்பு, அவ்வளவுதான். கடையில் அதைப் பரிமாறும் முறைக்கு 'ஹொடிசியு' என்று பெயர். மேசையில் அடுப்பு இருக்காது. பரிமாறுகிறவர் நீளக் கம்பியில் முழுத் துண்டைக் கோத்து எடுத்துக்கொண்டு உங்களிடம் வருவார். கத்தியால் மெல்லிசாகச் சீவுவார், நீங்கள் இடுக்கியால் பிடித்துத் தட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். மேசையில் ஒரு வட்ட அட்டை இருக்கும். பச்சைப் பக்கம் மேலே இருந்தால் வந்துகொண்டே இருப்பார்கள், சிவப்பைத் திருப்பி வைத்தால் நிறுத்துவார்கள். கோழி இதயம் தனிக் கம்பியில் வரும், குழந்தைகள் அதற்குச் சண்டை போடுவார்கள். கடைசியில் பட்டைத்தூள் தூவிச் சுட்ட அன்னாசி.

நம் ஊர் பஃபேயில் கிடைப்பது தந்தூரி மசாலாவில் ஊறிய கறி. நல்ல சாப்பாடுதான், குறை சொல்லவில்லை. ஆனால் அதைக் காட்டி "உங்கள் ஊர்ச் சாப்பாடு" என்று ஒருவரிடம் சொல்ல முடியாது.

இன்னொன்று. மெனுவில் பிரேசில் என்ற தலைப்புக்குக் கீழே பெரி பெரி சிக்கன் இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். பெரி பெரி ஆப்பிரிக்காவில் மொசாம்பிக் பக்கம். டாக்கோ மெக்சிகோ. சிமிசுர்ரி அர்ஜென்டினா. எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டு 'லத்தீன்' என்று விற்கிறார்கள். தென்னாற்காட்டுக் கூழையும் கஷ்மீர்ப் புலாவையும் ஒரே தட்டில் வைத்து இந்தியச் சாப்பாடு என்றால் நமக்கு எப்படி இருக்கும்?

தொலைபேசியில் கேட்டே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. நான் மூன்று கேள்விதான் கேட்பேன். ஃபெய்ஜுவாடாவுக்கு என்ன பீன்ஸ் போடுகிறீர்கள்? கூட ஃபரோஃபா தருவீர்களா? கறியை மேசையில் வந்து சீவித் தருவீர்களா? முதல் கேள்விக்குக் கறுப்பு பீன்ஸ் என்று பதில் வர வேண்டும். ஃபரோஃபா என்பது வெண்ணெயில் வறுத்த மரவள்ளி மாவு, பொரிபொரியென்று இருக்கும், சோற்றின் மேல் தூவிக்கொள்வார்கள். அந்தப் பெயரே சமையல்காரருக்குத் தெரியவில்லை என்றால் மற்றதைப் பேசிப் பயனில்லை. வெறும் பலகையை நம்பி நான் போன எந்த இடத்துக்கும் இரண்டாம் தடவை போகவில்லை. நட்சத்திர ஓட்டல்களில் எப்போதாவது வெளியூர் சமையல்காரரை வரவழைத்துப் பத்து நாள் உணவுத் திருவிழா நடத்துவார்கள். அப்போது கிடைக்கும். செப்டம்பர் 7 பிரேசிலின் சுதந்திர தினம், அந்த வாரத்தில் விசாரித்து வைப்பது நல்லது.

ஆனால் தாம்பரம் சார், உங்கள் நண்பருடைய விஷயம் இதெல்லாம் இல்லை. அவர் மினாஸ்காரர். அவருக்குத் தேவை ஷுஹாஸ்கு கடை அல்ல, வீட்டுச் சாப்பாடு. பூண்டும் வெங்காயமும் எண்ணெயில் வதக்கி வடித்த சோறு, குழம்பாக வேகவைத்த பீன்ஸ், நூல் நூலாக நறுக்கி வதக்கிய கீரை, அப்புறம் அந்தச் சீஸ் உருண்டை. இது எந்த நாட்டிலும் ஓட்டலில் சரியாக வராது. நம் ரசம் மாதிரி.


தாம்பரத்தான் | சனி, காலை 6.50

மிக்க நன்றி அக்கா. இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை. நேற்றிரவே மூன்று ஓட்டல்களுக்கு அழைத்து நீங்கள் சொன்ன கேள்விகளைக் கேட்டேன். இரண்டு இடத்தில் ஃபரோஃபா என்றதும் "ஃபலாஃபலா சார்?" என்றார்கள். மூன்றாவது இடத்தில் ஒரு சமையல்காரர் லைனில் வந்து, நேர்மையாக, "இப்போது செய்வதில்லை சார், திருவிழா வைத்தபோது செய்தோம்" என்றார். அவர் நம்பரை வாங்கி வைத்திருக்கிறேன்.

அப்படியானால் வீட்டில் செய்வதா? என் மனைவிக்கு ஆர்வம் இருக்கிறது, ஓவனும் இருக்கிறது. ஆனால் அந்த மாவுக்கு எங்கே போவது?


சேலத்துக்காரன் | சனி, காலை 8.30

மாவுக்கு எங்கே போவதா! அண்ணே, அது எங்கள் ஊர் மாவு. அந்த உருண்டைக்குக் கோதுமை கிடையாது, முழுக்க மரவள்ளி ஸ்டார்ச். சேலத்தில் கிழங்கை அரைத்துப் பால் எடுத்து, தொட்டியில் படியவிட்டு, களத்தில் காயவைத்து வரும் வெள்ளை மாவு இருக்கிறதே, அதேதான். அதை உருட்டினால்தான் ஜவ்வரிசி. ஜவ்வரிசிக்கும் ஸ்டார்ச்சுக்கும் என்றே 1981-இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் தொடங்கி இன்றுவரை ஏலம் நடக்கிறது.

மரவள்ளியே அந்த ஊரிலிருந்து வந்ததுதான். போர்த்துக்கீசியர் கப்பலில் கொண்டுவந்தது. திருவிதாங்கூரில் விசாகம் திருநாள் மகாராஜா 1880-களில் அதைப் பஞ்சத்துக்குத் தாங்கும் பயிராகப் பரப்பினார் என்பார்கள். எங்கள் பக்கம் குச்சிக்கிழங்கு, குமரி மாவட்டத்தில் கப்பக்கிழங்கு. பெயர்தான் வேறு. மாவு வேண்டுமானால் சொல்லுங்கள், செவ்வாய்ப்பேட்டையில் வாங்கி பஸ்ஸில் போட்டுவிடுகிறேன்.


கொளத்தூர் அடுப்படி | சனி, மதியம் 1.10

இந்த இழையைப் பார்த்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. வீட்டிலிருந்தே கேக், குக்கீஸ் செய்து விற்கிறேன். பாவ் ஜி கேஜு ஏழெட்டுத் தடவை செய்திருக்கிறேன். முதல் மூன்று தடவை தோல்வி. ஏன் என்று சொல்கிறேன், நீங்கள் அதே தப்பைச் செய்ய வேண்டாம்.

ஜவ்வரிசியை மிக்சியில் அரைத்துப் போட்டேன். உப்பவே இல்லை, தட்டையாகப் பசை மாதிரி கிடந்தது. ஜவ்வரிசி உருட்டியபின் வறுத்தோ ஆவியிலோ பாதி வெந்துவிடுகிறது. அது மறுபடி பொங்காது. பச்சை ஸ்டார்ச்தான் வேண்டும். கடையில் மரவள்ளி மாவு என்று கேட்டால் சில இடத்தில் காய்ந்த கிழங்கை அப்படியே அரைத்த மாவைத் தருவார்கள், அதுவும் சரிப்படாது. விரலில் எடுத்துத் தேய்த்தால் சோளமாவு மாதிரி கிறீச்சென்று சத்தம் வர வேண்டும்.

அளவு: ஸ்டார்ச் கால் கிலோ. பால் 125 மில்லி, எண்ணெய் 60 மில்லி, உப்பு ஒரு ஸ்பூன், மூன்றையும் கொதிக்கவிட்டு, பொங்கி வரும்போது மாவில் ஊற்றிக் கிளறுங்கள். கொழுக்கட்டைக்கு மாவு கிளறுவது மாதிரியேதான், நம் வீட்டுப் பெண்களுக்கு இந்தக் கைப்பழக்கம் சொல்லித்தர வேண்டாம். கட்டி கட்டியாகத்தான் இருக்கும், பயப்படாதீர்கள். நன்றாக ஆறவிடுங்கள். சூட்டோடு முட்டையை உடைத்து ஊற்றினால் முட்டை வெந்துபோகும், என் இரண்டாவது தோல்வி அது. ஆறியபின் ஒரு முட்டை, மாவு இறுக்கமாக இருந்தால் இன்னும் அரை முட்டை. சீஸ் 150 கிராம். மினாஸ் சீஸ் இங்கே கிடைக்காது. பாதி பார்மேசன், பாதி மொசரெல்லா போட்டால் உப்பும் இழுவையும் இரண்டும் வருகிறது.

கையில் ஒட்டும். எண்ணெய் தொட்டுக்கொண்டு எலுமிச்சை அளவு உருட்டுங்கள். ஓவன் முன்கூட்டியே 200 டிகிரியில் சூடாகி இருக்க வேண்டும். 20 முதல் 25 நிமிடம். முதல் 15 நிமிடம் கதவைத் திறக்காதீர்கள், திறந்தால் சுருங்கிவிடும். வெளியே லேசாக வெடிப்பு விட்டு மொறுமொறுவென்று, பிட்டால் உள்ளே நூல் மாதிரி இழுத்துக்கொண்டு வரும். ஆறினால் ரப்பர். அடுப்பிலிருந்து எடுத்த பத்தாவது நிமிடத்துக்குள் அவர் வாயில் இருக்க வேண்டும்.


கடல்கடந்தவள் | சனி, மதியம் 2.05

கொளத்தூர் அக்கா, அருமை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். மினாஸில் இரண்டு வகை ஸ்டார்ச் உண்டு. ஒன்று சாதாரணம், இன்னொன்று வாரக்கணக்கில் புளிக்கவைத்து வெயிலில் காயவைத்தது. புளித்த மாவுதான் அந்த வெடிப்பையும் லேசான புளிப்பு வாசத்தையும் தருகிறது. சேலத்து மாவில் அந்த வாசம் வராது. அதனால் நான் பால் பாதி, புளித்த மோர் பாதி என்று ஊற்றுவேன். அசல் ஆகாது, ஆனால் கிட்டே வரும்.


மயிலை வெண்டைக்காய் | சனி, மாலை 4.40

நாங்கள் சுத்த சைவம். இந்த நாட்டில் எங்களுக்கு ஏதாவது உண்டா, இல்லை கறி மட்டும்தானா? மகள் அடுத்த வருடம் படிக்கப் போகப்போகிறாள், அதனால் கேட்கிறேன்.


கடல்கடந்தவள் | சனி, மாலை 5.30

உண்டு அம்மா, கவலை வேண்டாம். சோறும் பீன்ஸும் தினப்படி. பீன்ஸில் பன்றிக்கறி போடுவார்கள், அதனால் ஒவ்வொரு இடத்திலும் கேட்டுத்தான் வாங்க வேண்டும். மரவள்ளி வறுவல் எல்லா ஊரிலும் கிடைக்கும். சந்தையில் நின்றபடி கரும்புச்சாறு குடிப்பார்கள், நம் ஊர் மாதிரியே மெஷினில் பிழிந்து. பிரிகடேய்ரு என்று ஓர் உருண்டை, கண்டென்ஸ்டு மில்க், கோக்கோ, வெண்ணெய் மூன்றும்தான், முட்டை இல்லை. கொய்யாப்பழ அல்வாவை வெள்ளைச் சீஸ் மேல் வைத்துத் தருவார்கள், அதுவும் மினாஸ்காரர்களுக்கு உயிர்.

உங்கள் பெயருக்கு ஏற்ற மாதிரி வெண்டைக்காயும் உண்டு. வடகிழக்கில் பஹியா மாநிலத்தில் அகரஜே என்று ஒன்று விற்பார்கள். காராமணியை ஊறவைத்துத் தோல் நீக்கி அரைத்து, செம்பனை எண்ணெயில் பொரித்த வடை. வெள்ளை உடுத்திய பெண்கள் தெருவோரம் உட்கார்ந்து பொரிப்பார்கள், அந்தத் தொழிலையே 2005-இல் அரசு பண்பாட்டுச் சொத்தாகப் பதிவு செய்தது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் கொண்டுவந்த பண்டம். வடையை நடுவில் பிளந்து, வெண்டைக்காய்க் கூட்டு மாதிரி ஒன்றும், தேங்காய்ப்பாலும் முந்திரியும் அரைத்த விழுதும், காய்ந்த இறாலும் வைப்பார்கள். நான் முதன்முதலில் கடித்தபோது அந்த இறால் வாசம் அப்படியே எங்கள் பாட்டி வீட்டுச் சென்னாக்கூனி. நடுத்தெருவில் நின்று அழுதுவிட்டேன். மகளுக்கு இறால், விழுது, வெண்டைக்காய்க் கூட்டு மூன்றும் வேண்டாம் என்று சொல்லச் சொல்லுங்கள், விழுதிலும் கூட்டிலும் இறால் இருக்கும்.


வியாசர்பாடி 10 | ஞாயிறு, காலை 7.15

எங்கள் ஏரியாவைக் குட்டி பிரேசில் என்பார்கள், அதனால் எனக்கும் பேச உரிமை உண்டு. உலகக் கோப்பை வந்தால் சுவரெல்லாம் மஞ்சள் பச்சைதான். 2014-இல் ஐஎஸ்எல் கால்பந்து முதல் சீசனில் பிரேசில் வீரர் எலானோ சென்னையின் எஃப்சிக்கு ஆடினாரே, எட்டு கோல், தங்கக் காலணி. அப்போது ஒரு மேட்ச் விடாமல் நேரு ஸ்டேடியம் போனேன்.

சுட்ட கறி வேண்டுமென்றால் கடையைத் தேட வேண்டாம், கறியைத் தேடுங்கள் அண்ணே. யூடியூப் பார்த்து மொட்டை மாடியில் பிக்காஞ்ஞா செய்து பழகியிருக்கிறோம். அது வால் தொடங்கும் இடத்துக்கு மேலே, பின் இடுப்பில் இருக்கும் முக்கோணத் துண்டு. ஒரு பக்கம் விரல் தடிமனுக்கு வெள்ளைக் கொழுப்பு மூடியிருக்கும். நம் கறிக்கடையில் அதைத் தனியாக எடுத்து வைக்கும் வழக்கமில்லை, கொழுப்பைச் சீவி எறிந்துவிட்டுத் துண்டு போட்டுவிடுவார்கள். அதனால் முந்தின நாளே சொல்லிவைக்க வேண்டும்: முழுசாக வேண்டும், கொழுப்பில் கத்தி படக்கூடாது. ஒரு கிலோ, ஒன்றேகால் கிலோ இருந்தால் போதும். அதற்கு மேல் எடை இருந்தால் தொடைக்கறி சேர்ந்துவிட்டது என்று அர்த்தம், அது கடிபடாது. கிழட்டு மாடாக இருந்தால் எந்தத் துண்டும் வேலைக்காகாது, கடைக்காரரிடம் பழக்கம் வேண்டும். கோழிக்கடையில் ஈரலோடு கலந்து போடும் இதயத்தையும் தனியாகப் பொறுக்கித் தரச் சொல்லுங்கள், தருவார்கள்.

மூன்று விரல் தடிமனில் நறுக்கி, கொழுப்பு வெளிப்பக்கம் வரும்படி பிறை மாதிரி வளைத்துக் கம்பியில் குத்துங்கள். கல் உப்பு. கரி சாம்பல் பூத்தபின் கொழுப்புப் பக்கத்தை முதலில் காட்டுங்கள்.


பெரம்பூர் லோகோ | ஞாயிறு, காலை 9.00

தம்பி சொன்ன மாட்டைப் பற்றி ஒரு விஷயம். தாம்பரம் சாரின் நண்பர் உபெராபாக்காரர் என்றால் அவரிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். பிரேசிலில் இறைச்சிக்காக வளர்க்கும் மாடுகளில் மிகப் பெரும்பகுதி 'நெலோரே' இனம். வெள்ளை உடம்பு, திமில். அந்தப் பெயர் நம் நெல்லூர்! ஆந்திராவின் ஓங்கோல் மாடுதான் அது. 1868-இல் ஒரு கப்பல் பஹியாவின் சால்வதோர் துறைமுகத்தில் நின்றபோது ஒரு சோடி மாடு அங்கேயே விற்கப்பட்டது, அப்புறம் இங்கிருந்து பல முறை வரவழைத்துப் பெருக்கினார்கள். உபெராபா அந்தத் திமில் மாடுகளுக்கே தலைநகர் மாதிரி, வருடா வருடம் பெரிய கண்காட்சி நடக்கும். சென்னை சென்ட்ரலில் ரயில் ஏறினால் மூன்று மணி நேரத்தில் நெல்லூர். நான் ரயில்வேயில் இருந்தவன், எத்தனையோ தடவை அந்த ஸ்டேஷனைக் கடந்திருக்கிறேன். இது தெரிந்தபின் அந்தப் பெயர்ப்பலகையைப் பார்க்கும்போது மனசுக்குள் என்னவோ செய்கிறது.


ராயபுரம் மீன்கூடை | ஞாயிறு, மாலை 6.20

கறி, மாவு எல்லாம் பேசினீர்கள், மீனை விட்டுவிட்டீர்களே! மொகேக்கா செய்யுங்கள். வஞ்சிரம், தேங்காய்ப்பால், தக்காளி, குடைமிளகாய், எலுமிச்சை, கொத்தமல்லி. புளி வேண்டாம். மண்சட்டியில் அடுக்கி மூடி வேகவைக்க வேண்டும், கரண்டி போட்டுக் கிளறக்கூடாது. பஹியாவில் செம்பனை எண்ணெய் ஊற்றுவார்கள். இங்கே தேங்காய் எண்ணெய் போதும். காசிமேட்டில் நானே மீன் பார்த்து வாங்கித் தருகிறேன்.


தாம்பரத்தான் | நான்கு வாரம் கழித்து, ஞாயிறு இரவு 10.30

எல்லோருக்கும் சொல்ல வேண்டியது என் கடமை. இன்று காலை முடிந்தது.

சேலத்துத் தம்பி இரண்டு கிலோ மாவு அனுப்பினார், பணம் வாங்க மறுத்துவிட்டார். என் மனைவி போன மூன்று ஞாயிறும் ஒத்திகை பார்த்தாள். கறுப்பு பீன்ஸ் ஆன்லைனில் கிடைத்தது, முந்தின இரவே ஊறவைத்தோம். பன்றிக்கறி எங்கள் வீட்டில் சமைப்பதில்லை, அதனால் வியாசர்பாடி தம்பி சொன்னபடி வாங்கிய கறியைப் போட்டோம். ஃபரோஃபாவுக்குக் குமரி மாவட்டத்து நண்பர் வீட்டிலிருந்து காய்ந்த கப்பைப் பொடி கரகரப்பாக வந்தது. அந்தக் கீரை கிடைக்கவில்லை. முள்ளங்கிக் கீரையை நூல் மாதிரி நறுக்கி வதக்கினோம். பக்கத்தில் ஆரஞ்சுச் சுளையும் வைத்தோம்.

அவர் ஒன்பது மணிக்கு வந்தார். நாங்கள் எதுவும் சொல்லவில்லை. அவர் மேசையில் உட்கார்ந்ததும் ஓவன் கதவைத் திறந்தாள். வாசம் வந்தவுடன் அவர் எழுந்து சமையலறை வாசலில் போய் நின்றுகொண்டார். தட்டை நீட்டினோம். ஒன்றை எடுத்து இரண்டாகப் பிட்டு, உள்ளே இழுபடும் நூலையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சாப்பிட்டார். அதன்பின் அம்மாவுக்கு வீடியோ கால் போட்டார். அங்கே நள்ளிரவு தாண்டிவிட்டது, அந்த அம்மா போர்வையோடு வந்து என் மனைவியிடம் ஏதேதோ கேட்டார். நடுநடுவே காதில் விழுந்த 'மேசா', 'ஜனேலா' எல்லாம் எங்களுக்கே புரிந்தது, நம் மேசையும் ஜன்னலும்தான். மற்றதை அவர் மொழிபெயர்த்தார்: மாவை ஆறவிட்டீர்களா என்று கேட்கிறாராம்.

நெல்லூர் விஷயத்தைச் சொன்னேன். நெலோரே என்பது ஏதோ பழைய போர்த்துக்கீசியப் பெயர் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தாராம். வரைபடத்தைத் திறந்து காட்டினேன். அடுத்த சனிக்கிழமை நெல்லூர் போக வேண்டும் என்கிறார். லோகோ சார், காலை வண்டி எது நல்லது?

பதினெட்டு உருண்டையில் நாலு மிஞ்சியது. டிஷ்யூ பேப்பரில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார்.


பெரம்பூர் லோகோ | ஞாயிறு, இரவு 10.55

காலையில் வடக்கே போகும் வண்டி நிறைய உண்டு, நேரம் பார்த்துச் சொல்கிறேன். எனக்கும் ஒரு டிக்கெட் சேர்த்து எடுங்கள் சார். நானும் வருகிறேன்.


ராயபுரம் மீன்கூடை | ஞாயிறு, இரவு 11.10

மொகேக்கா பாக்கி இருக்கிறது, மறந்துவிடாதீர்கள். வருகிற ஞாயிறு விடியற்காலை நாலரைக்குக் காசிமேடு வாசலில் நிற்கிறேன். அவரையும் அழைத்து வாருங்கள், மீனை அவரே பார்த்து எடுக்கட்டும்.